புகைவீட்டில் தொங்கிய பொம்மை இஞ்சின்

கிராணி ஐயா அந்தக் கூடையை தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கி வைத்தபோது உள்ளே கோழிக்குஞ்சு இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மேலே காய்ந்த லாலான் புல் மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தால் பச்சை பூத்துப்போன ஒரு பித்தளை உருளை. பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம், பின்னால் என் நடுவிரல் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கூடையிலிருந்து துருவும் பழைய எண்ணெயும் கலந்த வாடை வந்தது.

"சடையா, இது தொரையோடது," என்றார் கிராணி. தோட்டத்துக் கணக்கும் காகிதமும் அவர் கையில்தான். "சின்னப் புள்ளையில அவங்க அப்பா வாங்கிக் குடுத்ததாம். நெசமாவே ஆவியில ஓடுற இஞ்சினு. முப்பது வருசமா பெட்டியில கெடந்து செத்துப்போச்சு. வர்ற ஞாயிறு விட்டு மறு ஞாயிறு தொரை ஸ்டோருக்கு வருவாரு. அன்னைக்கு இது புதுசு மாதிரி ஓடணும்."

"ஓடலைன்னா?" என்றார் என் வீட்டுக்காரர்.

கிராணி குடையை விரித்தார். "ஒன் கை வேலைக்கு ஆகாதுன்னு ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் எழுதிக் குடுத்துட்டாரு. நீ ஆகும்ங்கிற. தொரை யாரு பேச்சக் கேப்பாரு? இதுவும் இஞ்சினுதானே, அந்தக் கையால சரி பண்ணிக் காட்டட்டும்னாரு. ஓடுனா நீ ஸ்டோர்ல இருப்ப. ஓடலைன்னா கப்பல் லிஸ்ட்டுல ஒம்பேரு ஏறிடும்."

சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். என் வீட்டுக்காரர் வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் லிஸ்ட்

சடையன் என்று கிராணி சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். நானாக வாய் திறந்து என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னது கிடையாது. எழுதினால் குற்றமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அவர் ஸ்டோரில் இஞ்சின் டிரைவர். தோட்டத்தில் ஸ்டோர் என்றால் கடை இல்லை, ரப்பர் ஆலை. பாலை உறைய வைத்துத் தகடாக அழுத்தும் உருளைகளைச் சுற்றவைப்பது ஒரு பெரிய நீராவி இஞ்சின். அதற்குத் தீனி போடுவது, எண்ணெய் விடுவது, இருமினால் மார்பைத் தட்டிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். உருளையில் சிக்கிய ரப்பரை ஒரு நாள் இழுக்கப் போனார். உருளை கையை இழுத்தது. கை தப்பியது. ஆனால் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் விறைத்துப்போய் மடங்காமல் நின்றுவிட்டன. மற்ற மூன்று விரலும் உள்ளங்கையும் பழையபடி இரும்புதான். அதை டிரெஸ்ஸர் எழுதவில்லை.

அது ரப்பர் விலை விழுந்திருந்த காலம். தோட்டங்களில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கை வராதவர், கண் மங்கியவர், இருமல்காரர் என்று பெயர் எழுதி, பினாங்குக்கு அனுப்பி, கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் பத்து வயதில் ஊரை விட்டு வந்தவர். போனால் அவருக்குப் படுக்க ஒரு குடிசை இல்லை.

எனக்கு ஊரே இல்லை. நான் பிறந்தது இந்தப் பேராக்கில், ஈப்போவிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள் தூரத்தில், அதே லயத்தில். நான் பிறந்தபோது அது காப்பித் தோட்டம், பிறகுதான் ரப்பர் வந்தது. என் அப்பனையும் ஆத்தாளையும் அங்கே ஆற்றோரம்தான் புதைத்தோம். பார்க்கவே பார்க்காத இடத்துக்கு என்னை எப்படித் 'திருப்பி' அனுப்புவார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எழுத்தறியாதவள் எழுதிய எழுத்து

போன வாரம் ஈப்போவில் புந்தோங் கோயிலில் ஒரு பெண் என்னை நிறுத்திக் கேட்டாள். "அம்மா, பத்திரிகையில படிச்சேன். பள்ளிக்கூடமே போகலைன்னு எழுதியிருக்கீங்க, அப்புறம் பெட்டியில இங்கிலீஸு எழுதினேன்னும் எழுதியிருக்கீங்க. எது உண்மை?"

இரண்டும் உண்மை. ரப்பர் தகடுகளை மரப்பெட்டியில் அடைத்து ஆணி அடித்தபின், பெட்டியின் நான்கு பக்கமும் தோட்டத்து மார்க்கைக் கருப்புப் பெயிண்ட்டால் எழுத வேண்டும். அந்த வேலை என்னுடையது. மற்றவர்களுக்குத் தகரத்தில் வெட்டிய அச்சு வேண்டும். எனக்கு வேண்டாம். எனக்கு அவை எழுத்தே இல்லை. ஒன்று கூரை போட்ட வீடு, ஒன்று பல் உடைந்த சீப்பு, ஒன்று வயிறு தள்ளிய பெண்பிள்ளை. வீடு, சீப்பு, பெண்பிள்ளை என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போவேன். என் கோடு ஒரு நாளும் கோணியதில்லை. தைப்பிங்கிலிருந்து பெட்டி பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர், இது அச்சா கையா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

தமிழ் எழுத்து நான் கற்றுக்கொண்டது தலை நரைக்க ஆரம்பித்தபின். அது வேறு கதை.

"நீ தொடாத புள்ள"

முதல் நாள் என் வீட்டுக்காரரே வேலையில் உட்கார்ந்தார். வாழை இலையை விரித்து இஞ்சினை அதன்மேல் வைத்தார். அதில் திருகு ஒவ்வொன்றும் மிளகளவு. விறைத்த இரண்டு விரலால் பிடிக்கப் பார்த்தார். நழுவியது. நடுவிரலால் பிடித்தார். இடது கையால் முயன்றார். மூன்றாவது தடவை திருப்புளி வழுக்கிப் பித்தளையில் கீறல் விழுந்தது. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

நான் அவர் இடத்தில் உட்கார்ந்தேன்.

"எந்தப் பக்கம் திருகணும்?"

"நீ தொடாத புள்ள."

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

சுவரைப் பார்த்தபடியே, "எடது பக்கம்," என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் சொல்லுவார், நான் செய்வேன். இறுகிப்போன பாகங்களைத் தேங்காய்ச் சிரட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறப்போட்டோம். பழைய எண்ணெய் பிசினாகி, மழைக்காலத்துக் கருப்பட்டி போல ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையிலேயே இலையில் வைக்கச் சொன்னார்.

"மாத்தி வெச்சேன்னா அவ்ளதான். ஒஞ்சித்தி மாதிரி, அப்புறம் எந்த நாளும் சமாதானத்துக்கு வராது."

"எஞ்சித்தி ஒங்களுக்குச் சோறு போட்டவ."

"போட்டா. போட்டுட்டு ஊரெல்லாம் சொன்னா."

பித்தளையில் பூத்திருந்த பச்சையைப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன். அது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை. உள்ளே ஆவி போகிற துளை அடைத்திருந்தது. ஈர்க்குச்சி நுழையவில்லை, தையல் ஊசிதான் நுழைந்தது. ஊசியை விட்டு விட்டு எடுத்தபோது பல்லில் படியும் காரை போல வெள்ளைத் தூள் கொட்டியது. பிஸ்டன் தண்டைச் சுற்றி ஆவி கசியாமல் இருக்கப் பஞ்சு நூலை ஆட்டுக் கொழுப்பில் முக்கிச் சுற்றினோம். கடைசியில் நான் எண்ணெய்ச் சிமிழை எடுத்தேன்.

"தேங்கா எண்ணெய ஊத்தாத. அது என்ன ஒந்தலையா? மெசின் எண்ணெய் கொண்டா."

ஆவிக் குழாய் பாய்லர் உருளையோடு சேருமிடம் விட்டுப்போயிருந்தது. பற்றவைக்கும் இரும்பை அவர் முஷ்டியால் பிடித்தார், ஈயக் கம்பியை நான் பிடித்தேன். ஈயம் உருகி ஓடி வளையமாக நின்றது. எங்கள் இரண்டு பேர் கையும் சேர்ந்து செய்தது அந்த ஒரு இடம்தான்.

அன்று சாப்பிடும்போது சொன்னார். "யாரு கேட்டாலும் நாந்தான் செஞ்சேன்னு இருக்கட்டும்."

"நீங்கதானே செய்யுறீங்க," என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் சொல்லாவிட்டால் அது எனக்கு ஒரு பித்தளைச் சொம்பு, அவ்வளவுதான்.

ஆட்டு ஈரல் நிறம்

ஓட வைப்பது பாதி. இஞ்சின் புதுசு மாதிரி வேண்டும் என்று துரை சொல்லி அனுப்பியிருந்தாரே.

பாய்லருக்குக் கீழே அடுப்பு வைக்கும் தகரக் கூடு இருந்தது. கண்ணாடிச் சில்லால் துருவைச் சுரண்டியபோது அடியில் கொஞ்சம் சிவப்பும், அதில் வெள்ளைக் கோடும் தெரிந்தன. செங்கல் சுவர் போல வரைந்திருக்கிறார்கள். எப்படி அடுக்கின செங்கல் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு மிச்சமில்லை. அதனால் நான் ஸ்டோர் புகைபோக்கியின் அடியில் போய் நின்று, செங்கலின் மேல் செங்கல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே செங்கல் சுவர் அதுதான்.

தீயணைக்கும் வாளிக்கு அடிக்கிற சிவப்பு கிடைத்தது. கிராணி ஆபீஸ் கதவுக்கு வாங்கிய பச்சை அடித்தட்டுக்கு ஆயிற்று. பெட்டி எழுதும் பிரஷ் இதற்கு யானைக்கால். கோழி இறகை நறுக்கிக்கொண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக் கோடுகளை இழுத்தேன்.

மழை விடவில்லை. இரண்டு நாளாகியும் பெயிண்ட் விரலில் ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்.

அப்போது ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். எங்கள் தோட்டத்தில் எது காயவில்லை என்றாலும் ரப்பர் தகடு உலர்த்தும் புகைவீட்டில் கொண்டுபோய்த் தொங்கவிடுவோம். துரைக்குத் தெரியாமல் பிள்ளைத் துணியிலிருந்து மீன் வரை அங்கேதான் காயும். எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் புகை மணக்கிற சட்டையில் வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தில், யாரையும் கேட்காமல், இஞ்சினைக் கம்பியில் கட்டித் தகடுகளுக்கு நடுவே தொங்கவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எடுத்தேன். சிவப்பு ஆட்டு ஈரல் நிறமாகியிருந்தது. வெள்ளைக் கோடெல்லாம் வெற்றிலை போட்ட பல். பச்சை எங்கே போனதென்றே தெரியவில்லை. ஈரப் பெயிண்ட்டில் கரி படிந்து, மேலே ரப்பர் பிசின் வேறு சொட்டியிருந்தது. முந்தானையில் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். இப்போதே பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று என் மனதில் ஓடியது.

அவர் பார்த்தார். முகர்ந்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. கை அடிபட்டபின் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

"பெயிண்டுக்குச் சூடு வேணும் புள்ள. பொகை எதுக்கு? ஸ்டோர் பாய்லர் முதுகுல வெச்சிருந்தா ஒரே நாள்ல சட்டி மாதிரி எறுகியிருக்கும்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட? எவனையும் கேக்காம நீயா தூக்கிட்டுப் போயிட்ட."

எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, மணலால் தேய்த்து, மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை, மறுபடி கோடு.

அந்த நாட்களில் பெரிய பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு சீனர். காம்பாரில் ஈயச் சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர். என் வீட்டுக்காரர் கப்பலேறினால் வேலை அவருக்கு நிலைத்துவிடும். அவரிடமே போய்க் கேட்டோம். அவர் பேச்சில் தமிழும் மலாயும் பாதிப் பாதி. சின்னதைக் கெச்சில் என்பார், பெரியதைப் பெசார் என்பார்.

பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வெய் லா அண்ணே. கெச்சில் இஞ்சினு, பெசார் இஞ்சினு முதுகுல தூங்கட்டும்."

மூன்று நாள் தூங்கியது. பெயிண்ட் கல்லாக இறுகிப் பளபளவென்று வந்தது. ஆனால் புகை வாடை மட்டும் போகவில்லை. பித்தளையின் மூட்டுக்குள்ளெல்லாம் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை

துரைக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் போ, வா, வெட்டு, தூக்கு. ஏவுகிற தமிழ் மட்டும்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதனால் அவர் அன்பாகப் பேசினாலும் அது உத்தரவாகத்தான் வந்து விழும்.

ஸ்டோர் மேசையில் இஞ்சினை வைத்திருந்தோம். நான் தள்ளி, பெட்டி அடுக்கின் பக்கம் நின்றேன். துரை குனிந்து முகர்ந்தார்.

"ஸ்டோர் நாறுது," என்றார்.

கிராணி என் வீட்டுக்காரரை முறைத்தார். துரை செங்கல் கோடுகளை நகத்தால் எண்ணுவது போலத் தொட்டார். நிமிர்ந்து ஜன்னல் வழியே எங்கள் புகைபோக்கியைப் பார்த்தார். மறுபடி குனிந்து பொம்மையைப் பார்த்தார்.

தண்ணீர் ஊற்றி, சாராய விளக்கைக் கொளுத்தி உள்ளே தள்ளினார்கள். காத்திருந்தோம். பாய்லர் முனக ஆரம்பித்தது. சக்கரம் பாதி சுற்றி நின்றுவிட்டது.

"லேசா தட்டி உடணும் தொரை," என்று சொல்லி, என் வீட்டுக்காரர் அந்த விறைத்த விரலாலேயே சக்கரத்தைத் தட்டினார். பிடித்துக்கொண்டது. ஆரக்கால் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றியது. துரை விசிலை இழுத்தார். பசித்த குருவிக் குஞ்சு போல ஒரு சத்தம். துரை தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதோடு முடிந்திருக்கலாம். விசில் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தது. துரை சோதிக்க நினைக்கவில்லை, அது முகத்தில் தெரிந்தது. பக்கத்திலிருந்த சின்ன ஸ்பேனரை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "முறுக்கு."

அவர் வாங்கினார். விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. இஞ்சின் மட்டும் டிக்டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. துரை அவர் கையைப் பார்த்தார், பிறகு இஞ்சினைப் பார்த்தார்.

எனக்குக் கால் எப்படி நகர்ந்தது என்று தெரியாது. போய் ஸ்பேனரை எடுத்தேன். கால் சுற்று முறுக்கினேன். கசிவு நின்றது.

"ஏய், தொரை சாமானத் தொடுற? போ அந்தாண்ட," என்றார் கிராணி.

துரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "யார் பண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

"சொன்னது அவரு. செஞ்சது எங்கை. அவரு சொல்லலைன்னா எங்கைக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் பெரிய இஞ்சினுக்குப் போனார். அதன் ஆவியைத் திறந்து மூடும் சக்கரம் வண்டிச் சக்கரம் மாதிரி. மூன்று விரலையும் உள்ளங்கையையும் கொடுத்து அதை இறுக மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"இந்த இஞ்சினுக்கு இந்தக் கை போதும் தொரை. இதுல மொளகு திருகு கெடையாது."

துரை சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் அவரிடம் தமிழ் இருந்ததா என்பதும் தெரியாது. விளக்கை ஊதி அணைத்துவிட்டு, இஞ்சினைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரட்டு

வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று சொன்னார். "நாலு பேரு முன்னால எங்கை ஆகாதுன்னு நீயே காட்டிட்ட."

அதன்பின் பேச்சில்லை. போட்டதைச் சாப்பிட்டார், படுத்தார், எழுந்தார். நான் செய்தது சரியா என்று அந்த நாட்களில் நூறு தடவை என்னையே கேட்டேன். ஸ்பேனர் மூன்றாவது தடவையும் விழுந்திருந்தால் நாங்கள் கப்பலில். நான் எடுத்ததால் கப்பல் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் என் புருஷனின் மானம் போயிருந்தது.

வியாழக்கிழமை விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் போகும் முன் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, கிராணி காகிதத்தைப் பிரித்தார். கப்பல் லிஸ்ட்.

இருமல் மாணிக்கம், பிள்ளைகள் இரண்டு. கால் வீங்கிய ராக்கு. எனக்குப் பக்கத்தில் நின்ற பொன்னாயி, அவளுக்கு ஒரு கண் மங்கல்; அவள் புருஷன். இன்னும் சில பேர். கிராணி காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். என் வீட்டுக்காரர் பெயர் வரவில்லை.

நான் மூச்சு விட்டேன். சத்தமாகவே விட்டிருப்பேன் போல. பொன்னாயி என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கிராணியைக் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒரு கண்ணுதானே. பாலுக்கு மரம் வெட்டுறது கையிதானுங்க. எங்கோடு எந்த மரத்துலயாவது கோணியிருக்கா, வந்து பாக்கச் சொல்லுங்க."

"லிஸ்ட்டு போயாச்சு பொன்னாயி," என்றார் கிராணி. அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

வரிசை கலைந்தது. என் வீட்டுக்காரர் ஸ்டோர் பக்கம் இரண்டு அடி வைத்தவர், திரும்பி என்னிடம் வந்தார்.

"ஒங்கையத் தொரை பாத்தாரு. எங்கையப் பாத்தாரு. அவ கைய யாரு பாத்தா?"

நான்கு நாள் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். கோபத்தில் கேட்கவில்லை. பதில் இருந்தால் சொல் என்பது போலக் கேட்டார். துரைக்கு இளம் பிராயத்துப் பொம்மை ஒன்று இருந்தது, அது எங்கள் வீட்டுக்கு வந்தது. பொன்னாயி வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை.

அடுத்த வாரம் அவர்களை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் பெரட்டில் இடைவெளி தெரிகிறது, நெருங்கி நில்லுங்கள் என்றார்கள். நெருங்கி நின்றோம்.